ஊரை வித்து சீட்டு வாங்க வேண்டாம்

போர்வெல் தண்ணி பத்தி எழுதுறேன்னு போன பதிவுல சொல்லியிருந்தேன். அது அடுத்த வாரம். இப்ப வேற ஒரு விசயம் மனசுல கெடந்து உறுத்துது. அதை எழுதிடுறேன்.

எங்க அக்கா ரெண்டு வாரமா என்கிட்ட பேசல. அக்கா அமெரிக்காவுல இருக்கு, மிச்சிகன் மாநிலத்துல. போய் இருபத்தஞ்சு வருசம் ஆகுது. அக்கா மக அங்கயே பிறந்து வளர்ந்த பிள்ளை. இப்ப 23 வயசு. டாக்டருக்குப் படிக்கணும்னு ரெண்டு வருசமா விண்ணப்பம் போட்டுக்கிட்டு இருக்கு. போன மாசம் ஒரு கல்லூரியில இண்டர்வியூ முடிஞ்சு, காத்திருப்போர் பட்டியல்ல வச்சிட்டாங்க. அதுக்குக் காரணம் நான்தான்னு அக்கா சொல்லுது. என்ன நடந்துச்சுன்னு சொல்றேன், நீங்களே தீர்ப்பு சொல்லுங்க.

முதல்ல படிப்பு என்னன்னு சொல்லிடணும். பாப்பா படிக்கப் போறது ஆஸ்டியோபதி மருத்துவம். இதை ஊர்ல சொன்னதும் ஒருத்தர், "எலும்பு டாக்டரா?"ன்னு கேட்டாரு. இன்னொருத்தர், "நம்ம புத்தூர் கட்டு மாதிரியா?"ன்னாரு. சொந்தக்காரர் ஒருத்தர், "எம்.டி. கிடைக்காதவங்க படிக்கிறது"ன்னு பட்டுனு சொல்லிட்டாரு. எனக்கும் ஆரம்பத்துல ஒண்ணும் தெரியாது. பாப்பா சொல்லச் சொல்லக் கேட்டதுதான், அப்புறம் நானும் கொஞ்சம் தேடிப் படிச்சேன்.

அமெரிக்காவுல டாக்டர் ஆக ரெண்டு பட்டம் இருக்கு. ஒண்ணு எம்.டி., இன்னொண்ணு டி.ஓ. ரெண்டும் நாலு வருசம். ரெண்டு பேரும் மருந்து எழுதலாம், ஆபரேசன் பண்ணலாம். 50 மாநிலத்திலயும் ஒரே உரிமைதான். 2020-ல இருந்து படிப்பு முடிஞ்சு ஆஸ்பத்திரியில எடுக்கிற பயிற்சிக்கும் ரெண்டு பேருக்கும் ஒரே அங்கீகாரம். டி.ஓ. படிக்கிறவங்க கூடுதலா கையால தொட்டு, அழுத்தி, நீவி, மூட்டு முதுகைச் சரி பண்ற பயிற்சி ஒரு இருநூறு மணி நேரம் எடுக்கணும். அங்க மருத்துவம் படிக்கிற நாலு பேர்ல ஏறக்குறைய ஒருத்தர் இந்தப் படிப்புதான். டிரம்ப் முதல் தடவை ஜனாதிபதியா இருந்தப்ப வெள்ளை மாளிகை டாக்டரா இருந்த ஷான் கான்லியும் டி.ஓ., பைடனுக்கு இருந்த கெவின் ஓகானரும் டி.ஓ. இதைச் சொன்ன பிறகுதான் சொந்தக்காரர் வாயை மூடுனாரு.

ஒண்ணு ஞாபகம் வச்சுக்கணும். இங்கிலாந்து மாதிரி நாடுகள்ல ஆஸ்டியோபத்னா கையால வைத்தியம் பண்றவங்க மட்டும்தான், மருந்து எழுதுற டாக்டர் இல்ல. அமெரிக்க டி.ஓ. வேற.

இதை ஆரம்பிச்சவரு ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில். அவர் கதை எனக்குப் பிடிச்சிருந்துச்சு. 1828-ல பிறந்தவரு. கான்சாஸ் பக்கம் காட்டு வேலையும் பார்த்து வைத்தியமும் பார்த்த ஆளு. வெண்ணெய் கடையிற கருவி எல்லாம் சொந்தமா செஞ்சிருக்காரு. 1864-ல மூளைக்காய்ச்சல்ல மூணு பிள்ளைங்களைப் பறிகொடுத்தாரு. அந்தக் காலத்து மருந்தால ஒண்ணும் ஆகல. அந்த ஆத்தாமையிலதான் வேற வழி தேடுனாரு. 1874-ல தன்னோட கொள்கையை வெளிய சொன்னாரு. 1892-ல மிசௌரி மாநிலத்துல கிர்க்ஸ்வில்ங்கிற சின்ன ஊர்ல பள்ளிக்கூடம் ஆரம்பிச்சாரு. முதல் வகுப்புலயே பொம்பளைங்களையும் சேர்த்துக்கிட்டாரு. அவர் சொன்னதெல்லாம் சரின்னு இப்ப யாரும் சொல்றதில்ல. டி.ஓ. படிச்சவங்கள்லயே நிறையப் பேர் பின்னாடி கை வைத்தியம் பண்றதில்லையாம். ஆனா சின்ன ஊர்ல ஆரம்பிச்ச படிப்பு, இன்னைக்கும் சின்ன ஊரை விடல. இந்தக் கல்லூரிகள் பல, கிராமத்துக்கும் மலைப்பகுதிக்கும் டாக்டர் உருவாக்கத்தான் நாங்க இருக்கோம்னு சொல்லியே நடக்குது. கென்டக்கியில பைக்வில், மேற்கு வர்ஜீனியாவுல லூயிஸ்பர்க், இதெல்லாம் மலையடிவாரத்துச் சின்ன ஊருங்க. டி.ஓ. டாக்டர்கள்ல பாதிக்கு மேல குடும்ப டாக்டர், குழந்தை டாக்டர், பொது மருத்துவம்னுதான் இருக்காங்க.

சரி, இதுல சேர்றது எப்படின்னு பார்ப்போம். நம்ம ஊர் மாதிரி ஒரு பரீட்சை, ஒரு மார்க், ஒரு கவுன்சிலிங் இல்ல.

முதல்ல கல்லூரியில நாலு வருசம் ஏதாவது ஒரு பட்டம் முடிக்கணும். அப்புறம் எம்கேட்னு ஒரு பரீட்சை. ஏழரை மணி நேரம் உக்காரணும். மார்க் 472-ல ஆரம்பிச்சு 528-ல முடியுது. (ஏன் சைபர்ல ஆரம்பிக்கலன்னு கேட்டேன். பாப்பாவுக்கும் தெரியல.) அதுக்கப்புறம் ஏறக்குறைய எல்லா டி.ஓ. கல்லூரிக்கும் பொதுவா ஒரு விண்ணப்பம். மே மாசம் திறப்பாங்க. முதல் கல்லூரிக்கு 200 டாலருக்குக் கொஞ்சம் குறைவு, அடுத்து ஒவ்வொரு கல்லூரிக்கும் 50 டாலருக்கு மேல. அதைப் பார்த்துட்டு ஒவ்வொரு கல்லூரியும் தனியா இன்னொரு விண்ணப்பம் அனுப்பும். அதுக்கும் தனித்தனியா பணம், தனித்தனியா கட்டுரை. பாப்பா 12 கல்லூரிக்குப் போட்டுச்சு. எல்லாம் சேர்த்து நம்ம பணத்துல ஒன்றரை லட்சத்துக்கு மேல போயிருச்சு. சீட்டு கிடைக்குதோ இல்லையோ, அது திரும்பி வராது.

பேராசிரியர்கள்கிட்ட சிபாரிசுக் கடிதம் வாங்கணும். டாக்டர் ஒருத்தர் கடிதமும் வேணும், அவர் டி.ஓ.வா இருந்தா நல்லது. அதுக்காக பாப்பா ஒரு சின்ன ஊர் கிளினிக்குல டி.ஓ. டாக்டர் ஒருத்தர் பின்னாடி நாலு மாசம் நின்னு அவர் வேலையைப் பார்த்துச்சு. ஊசி போடக்கூடாது, தொடக்கூடாது, சும்மா நின்னு பார்க்கணும். நிழல் மாதிரி கூடவே போறதுன்னு அதுக்குப் பேரு. இந்த ஏற்பாடு எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. நம்ம பிள்ளைங்க ஆஸ்பத்திரி வாசனையே தெரியாம ரெண்டு வருசம் கோச்சிங் சென்டர்ல அடைஞ்சு கெடந்துட்டு நேரா மருத்துவக் கல்லூரிக்குப் போகுதுங்க. ரத்தத்தைப் பார்த்தா மயக்கம் வருமான்னு அதுக்கப்புறம்தான் தெரியும்.

இன்னொரு விசயம். அங்க சீட்டை ஒரே நாள்ல நிரப்ப மாட்டாங்க. வர வர பார்த்து, கூப்பிட்டுப் பேசி, கொடுத்துக்கிட்டே இருப்பாங்க. முதல் வருசம் பாப்பா அக்டோபர்ல போட்டுச்சு. ஒரு கல்லூரிகூட கூப்பிடல. நான் சொன்னேன், "ஆடிப்பட்டம் தேடி விதைன்னு சும்மாவா சொன்னாங்க, நீ கார்த்திகையில விதைச்சிருக்க"ன்னு. ரெண்டாவது வருசம் திறந்த உடனே போட்டுச்சு. மூணு கல்லூரி கூப்பிட்டாங்க.

இப்ப சண்டைக்கு வர்றேன்.

அந்த விண்ணப்பத்துல ஒரு கட்டுரை எழுதணும், நான் ஏன் டாக்டர் ஆகணும்னு. இடைவெளி எல்லாம் சேர்த்து 5,300 எழுத்துக்குள்ள இருக்கணும். பாப்பா அதுல எங்க அம்மாவைப் பத்தி எழுதியிருந்துச்சு. சில தகவலைச் சரிபார்க்கணும்னு எனக்கு ஃபோன் போட்டு, இங்கிலீசுல எழுதினதைத் தமிழ்ல சொல்லிக்கிட்டே வந்துச்சு.

எங்க அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தப்ப பாப்பா லீவுக்கு இங்க வந்திருந்துச்சு. அதுக்கு அப்ப 11 வயசு. இடது கையும் காலும் போயிருச்சு. அம்மாச்சி பக்கத்துலயே உக்காந்து அந்தக் கையைப் பிடிச்சு விரல் விரலா நீவி விட்டுக்கிட்டே இருக்கும். லீவு முடிஞ்சு போற அன்னைக்குக் கையை விடமாட்டேன்னு அழுதுச்சு. அம்மா அதுக்கப்புறம் ரெண்டு வருசம் படுக்கையில இருந்து போய்ச் சேர்ந்தாங்க. கையால குணப்படுத்துற படிப்பு மேல இந்தப் பிள்ளைக்கு ஏன் ஆசை வந்துச்சுன்னு அப்பதான் எனக்கு விளங்குச்சு. கண்ணு கலங்கிருச்சு.

ஆனா அடுத்த பத்தியில இப்படி இருந்துச்சு. "என் பாட்டியின் கிராமத்தில் மருத்துவர் இல்லை. சரியான சாலை இல்லை. ஆம்புலன்ஸ் இல்லை. அதனால் அவரைக் காப்பாற்ற முடியவில்லை."

"நிறுத்து சாமி, யாரு இப்படிச் சொன்னா?"ன்னு கேட்டேன்.

காசு வாங்கிட்டு கட்டுரை திருத்திக் கொடுக்கிற ஆலோசகர் ஒருத்தர் இருக்காராம். இந்தியக் கிராமம்னா இப்படி எழுதினாத்தான் படிக்கிறவங்க மனசு இளகும்னு சொல்லியிருக்காரு.

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். எங்க ஊருக்கு ரோடு இருக்கு. தார் ரோடு. மினி பஸ் வருது. 108 ஆம்புலன்ஸ் 2008-ல இருந்தே தமிழ்நாட்டுல ஓடுது. ஒட்டன்சத்திரத்துல கிறிஸ்தவ ஐக்கிய ஆஸ்பத்திரி 1955-ல இருந்து இருக்கு. எங்கயோ பெரிய ஊர்ல சம்பாதிச்சிருக்க வேண்டிய டாக்டர்கள் இந்த வறண்ட காட்டுக்கு வந்து உக்காந்து உருவாக்கினது அது. எத்தனை ஊர் சனம் அதனால பொழைச்சிருக்கு. அதையெல்லாம் ஒரே வரியில இல்லைன்னு எழுதிட்டா எப்படி?

மார்க்கெட்டுக்குத் தக்காளி கொண்டு போறவன் மேல நல்ல காயை அடுக்கி அடியில சொத்தையைப் போடுவான். இது அதுக்குத் தலைகீழா இருந்துச்சு. மேல சொத்தையை அடுக்கிக் காட்டி இரக்கத்தை வாங்குறது. ரெண்டும் ஏமாத்துதான்.

"அப்ப உண்மையில என்ன மாமா நடந்துச்சு? அம்மாச்சியை ஏன் காப்பாத்த முடியல?"ன்னு பாப்பா கேட்டுச்சு.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் ஆச்சு. இத்தனை வருசமா யாருகிட்டயும் நேரா சொல்லாதது. அக்காகிட்டகூடச் சொன்னதில்ல.

அன்னைக்கு சாயங்காலம் ஆறு மணி இருக்கும். அம்மா களை எடுத்துட்டு வந்து திண்ணையில உக்காந்தாங்க. கையில சொம்பு நிக்கல, நழுவிருச்சு. வாய் லேசா கோணுன மாதிரி இருந்துச்சு. பேச்சு குழறுச்சு. வாயுப் பிடிப்பு, வெயில்ல வேலை பார்த்த அசதின்னு நினைச்சேன். தைலம் தேய்ச்சு, சுக்குக் காப்பி கொடுத்துப் படுக்க வச்சோம். காலையில பார்த்துக்கலாம்னு சொன்னது நான்தான். காலையில ஒன்பது மணிக்குக் கொண்டு போனோம். எப்ப ஆரம்பிச்சதுன்னு டாக்டர் கேட்டாரு. சொன்னேன். அவர் ஒண்ணும் திட்டல. ரத்தக்கட்டைக் கரைக்கிற மருந்து நாலரை மணி நேரத்துக்குள்ள போட்டாத்தான் பலன்னு மட்டும் சொன்னாரு.

ரோடு இருந்துச்சு. ஆம்புலன்ஸ் இருந்துச்சு. ஆஸ்பத்திரி இருந்துச்சு. எனக்கு வெவரம் இல்ல. அவ்வளவுதான்.

இதைப் பாப்பாகிட்ட அப்படியே சொன்னேன். "எழுதுறதுனா இதை எழுது"ன்னேன். "மாமா, உங்களைப் பத்தி அப்படி எழுதட்டுமா?"ன்னு கேட்டுச்சு. "என்னை எழுது. ஊரை எழுதாத"ன்னு சொல்லிட்டு ஃபோனை வச்சிட்டேன். அன்னைக்கு ராத்திரி மும்முனை கரண்டு பன்னெண்டு மணிக்கு வந்துச்சு. மோட்டார் போடப் போனவன் விடியிற வரைக்கும் காட்டுலயே உக்காந்திருந்தேன்.

பாப்பா மாத்தி எழுதுச்சு. டாக்டர் இல்லாததால இல்ல, பக்கவாதம்னா என்னன்னு வீட்டுல யாருக்கும் தெரியாததாலதான் அம்மாச்சி கை போச்சு, சனங்களுக்குப் புரியிற மாதிரி முன்கூட்டியே சொல்லிக் கொடுக்கிற டாக்டரா ஆகணும்னு. ஆலோசகருக்குப் பிடிக்கலையாம். மூணு கல்லூரி கூப்பிட்டது இந்தக் கட்டுரைக்கு அப்புறம்தான்.

அடுத்து இண்டர்வியூ. 2020-ல கொரோனா வந்ததுல இருந்து நிறையக் கல்லூரி ஜூம்லயே நடத்துறாங்க. ரெண்டு விதம் இருக்கு. ஒண்ணு, ரெண்டு மூணு பேர் உக்காந்து வழக்கம்போல கேள்வி கேக்கிறது. இன்னொண்ணு, ஆறேழு அறை மாதிரி வச்சு, ஒவ்வொரு அறையிலயும் ஒரு சூழ்நிலையைக் கொடுத்து ரெண்டு நிமிசம் யோசிக்க விட்டு, ஆறேழு நிமிசம் பேசச் சொல்றது. மணி அடிச்சதும் அடுத்த அறை. ஒரு அறையில சொதப்பினாலும் அடுத்த அறையில இருக்கிறவருக்கு அது தெரியாது. இந்த ரெண்டாவது முறை நியாயமாத்தான் தெரியுது.

அதுக்குப் பழக பாப்பா என்னை நோயாளியா நடிக்கச் சொல்லுச்சு. வாட்ஸ்அப்புல. நான் மோட்டார் ரூம் திண்டுல உக்காந்துக்குவேன். "உங்களுக்குச் சர்க்கரை அதிகம், முதுகுல வலியும் இருக்கு. ரெண்டு வாரம் குனியாம ஓய்வு எடுக்கணும்"னு பாப்பா டாக்டர் மாதிரி சொல்லும். "டாக்டரம்மா, ரெண்டு வாரம் படுத்துக்கிட்டா மாட்டுக்கு யாரு தண்ணி காட்டுறது? முருங்கை பறிக்க ஆள் கூலி நீங்க தருவீங்களா?"ன்னு கேப்பேன். முதல் தடவை முழிச்சுச்சு. மூணாவது தடவை, "வீட்டுல வேற யாரு இருக்கா? எந்த வேலைக்குக் குனியணும், எந்த வேலையை நின்னுக்கிட்டே செய்யலாம், சொல்லுங்க"ன்னு திருப்பிக் கேட்டுச்சு. நான் கை தட்டுனேன். டாக்டர் படிக்கிற ஒவ்வொரு பிள்ளையும் ஒரு தடவையாவது இப்படி ஒரு சம்சாரிகிட்ட மாட்டணும்.

ஏன் எம்.டி. இல்லாம டி.ஓ.ன்னு எல்லா இடத்திலயும் கேப்பாங்களாம். உடம்பு, மனசு, ஆன்மா மூணையும் சேர்த்து முழு மனுசனா பார்க்கிற படிப்புன்னு எல்லாப் பிள்ளைகளும் ஒரே பாட்டைப் பாடுமாம். "அதைச் சொல்லாத, நீ பார்த்ததைச் சொல்லு"ன்னேன். கிளினிக்குல பார்த்த ஒரு கிழவரைப் பத்திச் சொல்லுச்சாம். முதுகு வலின்னு வந்தவரு, டாக்டர் முதுகுல கை வச்சு அழுத்திக்கிட்டு இருக்கும்போதுதான் தன் பொண்டாட்டி செத்துப்போனதைப் பத்திப் பேச ஆரம்பிச்சாராம்.

ரெண்டாவது கல்லூரி இண்டர்வியூல வயசான டாக்டர் ஒருத்தர் கேட்டாராம். "எங்க கல்லூரி இந்தப் பகுதி கிராமத்துக்கு டாக்டர் வேணும்னுதான் ஆரம்பிச்சது. படிச்சு முடிச்சிட்டு இங்க இருப்பியா?"

பாப்பா சொன்ன பதில் இது. "நான் டவுன்ல வளர்ந்தவ. கிராமத்தை லீவுலதான் பார்த்திருக்கேன். இருப்பேன்னு இப்ப சத்தியம் பண்ணா அது பொய்யாகலாம். மூணாவது, நாலாவது வருசம் கிராமத்து ஆஸ்பத்திரியில பயிற்சிக்கு அனுப்புறீங்க இல்லையா, அதை முழு மனசோட செய்வேன். அப்பதான் எனக்கே தெரியும்."

அந்த டாக்டர் தலையை ஆட்டிட்டு எழுதிக்கிட்டாராம். மூணு வாரம் கழிச்சு காத்திருப்போர் பட்டியல்னு கடிதம். முதல் கல்லூரி ஏற்கனவே இல்லைன்னுட்டாங்க. மூணாவது கல்லூரி இண்டர்வியூ இனிமேதான்.

அக்கா ஃபோன்ல வெடிச்சிருச்சு. "ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன குறைஞ்சிருக்கும்? எல்லாரும் சொல்றாங்க. யாரு பின்னாடி வந்து பார்க்கப் போறா? நீ அரிச்சந்திரன் வேசம் கட்டி பிள்ளை வாழ்க்கையில மண்ணைப் போட்டுட்ட."

அக்கா சொல்றதுல நியாயம் இல்லைன்னு சொல்ல மாட்டேன். அதுக்குப் பயம். தனியார் கல்லூரியில வருசத்துக்கு 50,000 டாலருக்கு மேல பீசு. மூணாவது வருசமும் விண்ணப்பம் போடணும்னா மறுபடி செலவு, மறுபடி ஒரு வருசம். அந்த ஒரு பதிலாலதான் பட்டியல்ல வச்சாங்களான்னு அக்காவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மார்க் கூட காரணமா இருக்கலாம். இருந்தாலும் என் கருத்தை மாத்திக்க எனக்கு மனசு வரல. ஏன்னு சொல்றேன்.

கிராமத்துக்கு வருவேன்னு வாயால சொல்றதுக்கு மார்க் கொடுத்தா, வாய் உள்ளவன் ஜெயிப்பான். அப்புறம் வரமாட்டான். கேட்டவங்களும் திரும்பிப் பார்க்க மாட்டாங்க. நடுவுல ஏமாந்து நிக்கிறது அந்த மலையடிவாரத்து சனம். அவங்க என் பாசை பேசல, என் நிறம் இல்ல, ஆனா அவங்களும் என்னை மாதிரிதான். எங்க அம்மா மாதிரி ஒரு கிழவி அங்கயும் திண்ணையில சொம்பை நழுவ விட்டுட்டு உக்காந்திருக்கும். அந்தக் கிழவி பேரைச் சொல்லி என் மருமக சீட்டு வாங்கிட்டு பெரிய டவுனுக்குப் போயிட்டா, அந்தப் பாவத்துல எனக்கும் பங்கு உண்டு.

இண்டர்வியூவே வேண்டாம், மார்க் மட்டும் பாருங்கன்னு சொல்றவங்க இருக்காங்க. அவங்க பயத்துக்கும் காரணம் இருக்கு. நம்ம தமிழ்நாட்டுலயும் ஒரு காலத்துல மருத்துவக் கல்லூரிக்கு நேர்முகத் தேர்வு இருந்துச்சு. அதுக்கு மட்டும் 75 மார்க். சிபாரிசு, பெரிய இடம்னு புகார் கிளம்பி, வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. 1970-ல அந்தத் தேர்வு நடந்த விதம் சரியில்லைன்னு தீர்ப்பு வந்துச்சு. அப்புறம் 1984-ல நுழைவுத் தேர்வு, 2007-ல அதை எடுத்தாங்க, 2017-ல நீட் வந்து உக்காந்துச்சு. இப்ப ஒரு நாள், ஒரு பரீட்சை, 720-க்கு எத்தனைன்னு மட்டும்தான் கேள்வி. அந்தப் பிள்ளை நோயாளி முகத்தைப் பார்த்துப் பேசுமா, எங்க வேலை பார்க்கும், யாரும் கேக்கிறதில்ல. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2020-ல 7.5 சதவீதம் உள் ஒதுக்கீடு வந்ததாலதான் நம்ம பக்கத்துப் பிள்ளைங்க சிலதாவது உள்ள போக முடியுது.

வேலூர் சி.எம்.சி.யில ரொம்ப காலம் பரீட்சைக்கு அப்புறம் பிள்ளைங்களை நேர்ல வரவச்சு, கூட இருந்து பார்த்து எடுத்தாங்க. படிச்சு முடிச்சதும் மிசன் ஆஸ்பத்திரியில போய் வேலை பார்க்கணும்னு ஒப்பந்தமும் இருந்துச்சு. அதுதான் சரியான முறைன்னு எனக்குப் படுது. வாய்ப் பேச்சை மட்டும் நம்பாம கைநாட்டும் வாங்கிக்கிறது. அமெரிக்காவுலயும் அந்த வழி இருக்கு. டாக்டர் பஞ்சம் உள்ள பகுதியில ரெண்டுல இருந்து நாலு வருசம் வேலை பார்க்கிறேன்னு எழுதிக் கொடுத்தா, அரசாங்கமே பீசு கட்டுற உதவித்தொகை இருக்கு. கிராமத்து மேல உண்மையான அக்கறை உள்ள கல்லூரி, "வருவியா?"ன்னு ஜூம்ல கேக்கிறதை விட அந்தக் காகிதத்தை எடுத்து முன்னால வைக்கணும். கிராமத்துல வளர்ந்த பிள்ளைங்கதான் கிராமத்துக்குத் திரும்பி வர்றது அதிகம்னு பல நாட்டு ஆய்வுல வந்திருக்கு. அப்படிப்பட்ட பிள்ளைகளைத் தேடிப் பிடிக்கணும். நம்ம ஊர்லயும் அரசு டாக்டர்களுக்கு மேல்படிப்புல 50 சதவீத இடம் வச்சதாலதான் பல ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஆள் வருது. வாக்குறுதியை விட இந்த மாதிரி ஏற்பாடுதான் வேலை செய்யும்.

அப்ப என் மருமக மாதிரி டவுன் பிள்ளைக்கு இடமே வேண்டாமான்னு கேக்கலாம். வேணும். ஆனா டவுன் பிள்ளையாவே போய் நிக்கட்டும். தெரியாததைத் தெரியாதுன்னு சொல்ற டாக்டர்தான் எனக்கு வேணும். இண்டர்வியூல சீட்டுக்காகப் பொய் சொல்லப் பழகுன வாய், நாளைக்கு நோயாளிகிட்டயும் சுலபமா சொல்லும்.

போன ஞாயித்துக்கிழமை பாப்பா கூப்பிட்டுச்சு. மூணாவது கல்லூரிக்காரங்களும் அதே கேள்வியைக் கேப்பாங்களாம், கூடப் படிக்கிறவங்க சொன்னாங்களாம்.

"என்ன சொல்லப் போற?"ன்னு கேட்டேன்.

"அதையேதான் மாமா. ஆனா இந்தத் தடவை அந்த உதவித்தொகை ஒப்பந்தத்தை முழுசா படிச்சிட்டுப் போறேன். கையெழுத்துப் போட முடியுமான்னு நானே முதல்ல முடிவு பண்ணிக்கணும்."

எனக்கு அது போதும். சீட்டு கிடைச்சா சந்தோசம். கிடைக்கலைன்னா அக்கா இன்னும் கொஞ்ச நாள் பேசாது, நான் தாங்கிக்கிறேன்.

முடிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு. வீட்டுல யாருக்காவது திடீர்னு வாய் கோணுனா, ஒரு பக்கம் கை தூக்க முடியலைன்னா, பேச்சு குழறுனா, தைலத்தைத் தேடாதீங்க. சுக்குக் காப்பி கொடுக்காதீங்க. காலையில பார்த்துக்கலாம்னு யார் சொன்னாலும் கேக்காதீங்க. மணி என்னன்னு பார்த்து வச்சுக்கிட்டு உடனே 108-க்குப் போடுங்க.

அக்கா, நீ இந்தப் பதிவை எல்லாம் படிப்பேன்னு எனக்குத் தெரியும். அம்மா விசயத்தை உன்கிட்ட முதல்லயே சொல்லியிருக்கணும். ஃபோன் எடு.